சிரில் வீட்டு எடை உயர்ந்த விவரம்

மக்கள் சத்தான உணவு உண்ண வேண்டும். அந்த உணவைத் தாங்களே விளைவிக்க வேண்டும். விளைவிக்கும்போது கணவனும் மனைவியும் ஒத்துழைக்க வேண்டும். இந்த மூன்றையும் மறுத்துப் பேசக்கூடிய மனிதன் பிரிக்பீல்ட்ஸில் கிடையாது. ஆகவே 1983-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நல்லுணவு மேம்பாட்டு இலாகா இம்மூன்றையும் ஒரே திட்டமாகக் கட்டி எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்குக் கொண்டுவந்தபோது நாங்கள் எதிர்க்கவில்லை. சேருகிற குடும்பத்துக்கு ஒரு பூவாளி இலவசம் என்று வேறு சொன்னார்கள்.

எங்கள் வரிசையில் பதினான்கு வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் பெரிய சாக்கடை. வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவில் பதினொரு அடி அகலத்துக்கு அரசாங்க நிலம். பதின்மூன்று வீடுகளுக்குப் பின்னால் அந்த நிலத்தில் துணிக்கொடியும் பழைய சைக்கிளும் விளைந்தன. ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குப் பின்னால் மட்டும் தோட்டம் இருந்தது. இருபத்திரண்டடி நீளம். வெண்டை பதினெட்டு, கத்தரி ஒன்பது, மிளகாய் ஆறு, கீரைப் பாத்தி மூன்று, பாகல் பந்தல் ஒன்று, முருங்கை ஒன்று. பந்தலுக்கு அடியில் இஞ்சி. அது மண்ணுக்குள் இருப்பதால் எண்ணிக்கை தெரியாது.

இது ரோசலின் அக்காவின் தோட்டம். அவர் காஜாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே வந்தபோது அந்த இடம் முழுக்கக் கல்லாக இருந்தது. பால்மாவு டின் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் கல் பொறுக்கினார். பிறகுதான் முதல் கீரை முளைத்தது. பதினேழு வருடமாக அந்த மண்ணில் அவர் கை படாத நாள் கிடையாது, பெரிய வெள்ளி உட்பட.

அவருக்குச் சமைக்க வராது. அவர் வைக்கும் சோறு ஒரு பக்கம் கஞ்சியாகவும் மறுபக்கம் அரிசியாகவும் இருக்கும். இதனால் யாருக்கும் கெடுதி இல்லை. ஏனென்றால் அவருடைய கணவர் சிரில், கிள்ளானில் ஓர் அரசாங்க விடுதியில் இருபத்து நான்கு வருடமாகச் சமையல்காரர். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் அங்கே சமைத்து முடித்துவிட்டு, நான்கு மணிக்கு மோட்டாரில் வீடு திரும்பி, வீட்டுச் சமையலையும் அவரே செய்வார். அவருடைய குவாலிச் சட்டியை வேறு யாரும் தொடக்கூடாது. செடிகளைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவை பாசாரில் ரப்பர் வளையம் போட்டுக் கிடைக்கும் என்பதுதான்.

மனைவி விளைவித்தார், கணவர் சமைத்தார், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் டைப் அடிக்கும் மகள் டோரிஸ் சாப்பிட்டாள். திட்டம் எதை உண்டாக்க நினைத்ததோ அது அந்த வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. இலாகாவுக்கு அது பெரிய இடைஞ்சலாக முடிந்தது.

இலாகாவின் கடிதத்தில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, திட்டத்தில் சேராதவர்கள் சாக்கடை ஓரத்தில் வைத்திருக்கும் பயிர்கள் அகற்றப்படும். இரண்டு, சேர்ந்து நிறைவு செய்கிறவர்களுக்கு அந்த நிலத்துக்கு நிரந்தர லைசென்ஸ் வழங்கப்படும். ரோசலின் அக்கா அந்தக் கடிதத்தை டோரிஸை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தோட்டத்துக்குப் போய் முருங்கை மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

விரிவாக்க அதிகாரி திரு. சபாபதி வந்தார். முப்பது வயது, கழுத்தில் டை, சட்டைப் பையில் மூன்று பேனா. உடன் வந்த டிரைவர் வேலாயுதம் எடை மிஷினை இறக்கினார். குடும்பத்தை நிறுத்தி எடை எடுத்தார்கள். சிரில் எழுபத்தொரு கிலோ, ரோசலின் ஐம்பத்தாறு, டோரிஸ் நாற்பத்தேழு. மொத்தம் நூற்று எழுபத்து நான்கு. பிறகு சபாபதி கட்டம் கட்டமாக அச்சடித்த விவரப் பாரத்தை விரித்தார்.

"அண்ணே, தோட்டத்துல தினம் எத்தனை மணி நேரம் வேலை செய்றீங்க?"

"நானா? ஒண்ணும் இல்ல சார். அதெல்லாம் ரோசிதான்."

சபாபதி பேனாவை மூடினார். "ஒண்ணும் இல்லன்னு எழுத முடியாதுண்ணே. கணவர் தோட்ட வேலை பூஜ்யம்னா, தோட்டமே இல்லன்னு அர்த்தம்."

"தோட்டம் இருக்கே சார். உங்க சப்பாத்து கீரை மேலதான் நிக்குது."

சபாபதி காலை நகர்த்திக்கொண்டார். "நான் பார்க்கிறேண்ணே. பாரம் பார்க்கலையே."

ரோசலின் அக்கா முன்னால் வந்தார். "நான் செய்றேன்னு எழுதுங்க சார். காலையில ரெண்டு மணி, சாயங்காலம் ரெண்டு மணி."

"மனைவிக்குச் சமையல் கட்டம்தான்கா இருக்கு. தோட்டத்துக்குக் கட்டம் இல்ல."

"ஒரு கோடு இழுத்தா கட்டம் வந்துடுமே."

"கோடு இழுக்க எனக்கு அதிகாரம் கிடையாதுக்கா. அது பாரம் தயாரிப்புப் பிரிவு. நான் நிரப்புற பிரிவு."

சிரில் தலையைச் சொறிந்தார். "அப்ப எங்க வீட்டுக் கதை என்ன சார்?"

"உங்க வீட்ல தோட்டமும் இல்ல, சமையலும் இல்ல. ஆனா மூணு பேரும் நல்லா இருக்கீங்க. இதை மேலிடம் நம்பாது."

சபாபதி கெட்டவர் இல்லை. வெயிலில் கொஞ்சம் நின்று யோசித்து ஒரு வழி சொன்னார். பாரத்துக்கு ஏற்றபடி மூன்று மாதம் இருந்துவிட்டால் போதும். அண்ணன் தோட்டத்துக்குப் போகட்டும், அக்கா அடுப்படிக்குப் போகட்டும். பாரம் திருப்தியானதும் லைசென்ஸ் தானாக வரும்.

முதலில் பயிற்சி. பதினான்கு வீட்டு ஆண்களையும் வேனில் ஏற்றிப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மண்டபத்துக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் மண்வெட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். மண் கொண்டுவந்தால் மண்டபம் அழுக்காகும் என்பதால் கம்பளத்தின் மேல் வெட்டிக் காட்டினார்கள். பெண்களுக்குச் சமையல் பயிற்சி. கீரையை நறுக்கும் முன் கழுவ வேண்டும் என்பதை ஒன்றரை மணி நேரம் விளக்கினார்கள். இருபத்தெட்டுப் பேரும் சான்றிதழ் பெற்றோம்.

அடுத்தது திடீர் சோதனை. திடீர் சோதனைகள் செவ்வாய், வெள்ளி மாலை ஐந்து மணிக்கு நடைபெறும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. இதைப் பார்த்ததும் சிரில் வீட்டில் எளிதான முடிவுக்கு வந்தார்கள். மற்ற நேரத்தில் பழையபடி இருப்பது, ஐந்து மணிக்கு மட்டும் பாரத்தின்படி மாறிக்கொள்வது. முதல் நம்பர் வீட்டு அய்யாவு காவலுக்கு ஒப்புக்கொண்டார். பதிலுக்கு வாரம் ஒரு கட்டு முருங்கைக்கீரை.

முதல் செவ்வாய் வேன் முனையில் திரும்பியதும் அய்யாவு கத்தினார்.

"அண்ணே, வேன் லா!"

ரோசலின் மண்வெட்டியோடு அடுப்படிக்கு ஓடினார். சிரில் கரண்டியோடு தோட்டத்துக்கு ஓடினார். இருவரும் பின்வாசலில் மோதிக்கொண்டார்கள். அந்த வாசல் இரண்டரை அடி அகலம். எழுபத்தொரு கிலோவும் ஐம்பத்தாறு கிலோவும் ஒரே நேரத்தில் அதில் போக முடியாது.

"ஏங்க, வழி விடுங்க!"

"நீ முதல்ல மண்வெட்டியக் குடு!"

"நீங்க முதல்ல கரண்டியக் குடுங்க!"

சபாபதி வந்து பார்த்தபோது சிரில் கரண்டியால் கத்தரிச் செடியைக் கிளறிக்கொண்டிருந்தார். அடுப்படியில் ரோசலின் அக்கா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மண் கையோடு சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார். சபாபதி பாரத்தில் எழுதினார்: "கணவர் கருவித் தேர்வில் தவறுகிறார். மனைவியின் கைகளில் மண். உணவுச் சுகாதாரக் குறைவு. முதல் எச்சரிக்கை."

வெள்ளிக்கிழமை அய்யாவு ஐஸ்கிரீம் வேனைப் பார்த்துக் கத்திவிட்டார். இருவரும் மாறி நின்று, ஐஸ்கிரீம் என்று தெரிந்து திரும்ப மாறும்போது உண்மையான வேன் வந்தது. இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாவது என்றால் பெயர் நீக்கம், செடி நீக்கம்.

"போதுங்க," என்றார் ரோசலின் அக்கா. "நடிக்க வேணாம். அவங்க சொல்றபடியே செஞ்சிடுவோம். மூணு மாசம்தானே."

அவர்கள் அப்படியே செய்தார்கள்.

சிரில் தோட்டத்தைச் சமையல்காரராகவே அணுகினார். பூசணிப்பூவை மாவில் தோய்த்துப் பொரித்துப் பழகியவர், கத்தரிப்பூவும் ஆகும் என்று நினைத்துப் பறித்துவிட்டார். பிஞ்சு வெண்டைதான் சாம்பாருக்கு ருசி என்று விரல் நீளம் வருமுன் கிள்ளினார். களை எடுத்தபோது கீரையைப் பிடுங்கிப் புல்லை வைத்தார். ஆனால் புல்லை வெகு நேர்த்தியாக வரிசைப்படுத்தியிருந்தார். சபாபதி அதைப் பார்த்து, "பாத்தி ஒழுங்கு: மிக நன்று" என்று எழுதினார்.

அடுப்படியில் ரோசலின் அக்கா தினமும் சோறு பொங்கினார். வாரத்தில் நான்கு நாள் அது சோறாகவே வந்தது. குழம்பு வைக்கும்போது ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்ப்பார். பார்க்கும் நேரத்தில் குழம்பு அடிப்பிடிக்கும். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வைத்தார். அப்போதும் அடிப்பிடித்தது.

"ரோசி, இது என்ன கறி?"

"நேத்து என்னவா இருந்துச்சோ அதுதான்."

"நேத்தும் கேட்டேன், நீ சொல்லல."

"நேத்தும் தெரியலங்க."

அக்கா வைத்ததைச் சிரில் உண்டார். சிரில் பிடுங்கியதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த மூன்று மாதத்தில் எங்கள் வரிசையில் நடந்த ஒரே குடும்ப ஒத்துழைப்பு அதுதான். அதற்கும் பாரத்தில் கட்டம் இல்லை.

ஏப்ரல் கடைசியில் எடை எடுத்தார்கள். சிரில் அறுபத்தாறு, ரோசலின் ஐம்பத்து மூன்று. தொழிற்சாலை கேன்டீனில் சாப்பிட ஆரம்பித்திருந்த டோரிஸ் மட்டும் நாற்பத்தேழரை. மொத்தம் ஏழரை கிலோ குறைவு. இலாகாவின் காலாண்டு அறிக்கையில், "திட்டத்தின் பயனாக இளம்பெண் ஒருவரின் எடை அரைக் கிலோ உயர்ந்துள்ளது" என்று வந்தது.

ஆனால் லைசென்ஸ் வரவில்லை. அதற்குள் பாஷன் மாறிவிட்டது.

இலாகாவின் ஆலோசகராக டாக்டர் உமையாள் வந்து சேர்ந்தார். கைத்தறிப் புடவை, பெரிய பொட்டு, தோளில் சணல் பை. அந்த ஆண்டு படித்தவர்கள் எல்லோரும் சணல் பைக்கு மாறியிருந்தார்கள். எங்களைப் பொருட்காட்சியைப் பார்ப்பதுபோலச் சுற்றிப் பார்த்துவிட்டு, பதினான்கு வீட்டாரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"ஆண் தோட்டத்துல, பெண் அடுப்படியில. இந்தப் பழக்கத்தை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

நாங்கள் எல்லோரும் சபாபதியைப் பார்த்தோம். சபாபதி டையைச் சரிசெய்தார்.

"நூற்றாண்டுகளா ஊறிப்போன பழக்கம் டாக்டர்," என்றார்.

"இதை உடைக்கணும். இனிமே பெண்கள் தோட்டம், ஆண்கள் சமையல். புதுப் பாரம் அடிச்சாச்சு."

புதுப் பாரம் பழைய பாரமேதான். "கணவர்" என்ற இடத்தில் "மனைவி" என்றும், "மனைவி" என்ற இடத்தில் "கணவர்" என்றும் அச்சடித்திருந்தார்கள். நிறம் மட்டும் மஞ்சளிலிருந்து பச்சை.

டாக்டர் உமையாள் சிரிலின் பக்கம் திரும்பி, மிகவும் கனிவாக, "கஷ்டமாத்தான் இருக்கும் அண்ணே. முதல்ல முட்டை அவிக்கிறதுல இருந்து தொடங்குங்க. வெட்கப்படக் கூடாது," என்றார்.

சிரில் வாயைத் திறந்தார். ரோசலின் அக்கா அவருடைய காலை மிதித்தார்.

"முயற்சி பண்றோம் டாக்டர்," என்றார் அக்கா.

அன்று மாலை ஒன்பதாம் நம்பர் வீட்டிலிருந்து வெங்காயம் தாளிக்கும் வாசம் வந்தது. அதற்கு முன்பே ரோசலின் அக்கா வரிசையாக நின்ற புல்லைப் பிடுங்கி முடித்திருந்தார்.

மற்றப் பதின்மூன்று வீடுகளின் நிலை வேறு. அய்யாவு அப்பளம் பொரிக்கும்போது ஜன்னல் சீலை எரிந்தது. அவருடைய மனைவி காமாட்சி ஒரு கிலோ துவரம் பருப்பை அப்படியே பாத்தியில் கொட்டி மூடினார். உடைத்த பருப்பு முளைக்காது என்பதைப் பயிற்சியில் யாரும் சொல்லியிருக்கவில்லை. மற்றவர்களும் ஒருவாறு சமாளித்தார்கள். அக்கம்பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் அந்த இரண்டு மாதமும் நல்ல கூட்டம்.

ஜூன் கடைசியில் எடை. சிரில் எழுபத்தொன்று, ரோசலின் ஐம்பத்தாறு, டோரிஸ் நாற்பத்தேழரை. இரண்டே மாதத்தில் எட்டுக் கிலோ உயர்வு. வேலாயுதம் மிஷினைத் தட்டிப் பார்த்து மறுபடி ஏற்றினார். மறுபடியும் அதே எட்டு. டாக்டர் உமையாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எட்டு வாரத்துல சமையல் கத்துக்கிட்ட மனுஷர்! சபாபதி, இதுதான் நமக்கு வேணும். மாதிரிக் குடும்பம்."

"டாக்டர்," என்று சிரில் தயங்கித் தயங்கிச் சொன்னார், "நான் இருபத்து நாலு வருஷமா கிள்ளான்ல..."

சபாபதி அவரை முருங்கை மரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"அண்ணே, நீங்க ஏற்கெனவே சமைச்சவர்னா இதுல மாற்றம் இல்ல. மாற்றம் இல்லன்னா வெற்றி இல்ல. வெற்றி இல்லன்னா லைசென்ஸ் இல்ல. அக்காவ நினைச்சுப் பாருங்க."

சிரில் அக்காவை நினைத்துப் பார்த்தார். கல் பொறுக்கிய டின்னையும் நினைத்திருக்கலாம். அதன்பின் கேட்டவர்களிடமெல்லாம், போன மே மாதம்தான் முதல் முட்டை அவித்ததாகச் சொன்னார்.

புதன்தோறும் வேன் வர ஆரம்பித்தது. கம்போங் மேடானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் திட்டக் குடும்பங்களை அழைத்துவந்து, மாறிய மனிதரைக் காட்டினார்கள். டாக்டர் உமையாள் விளக்குவார், சபாபதி படம் காட்டுவார், சிரில் சமைத்துக் காட்டுவார். சமைத்துக் காட்டியதைப் பிறகு சாப்பிட வேண்டும். வீணாக்குவது சத்துணவுக் கொள்கைக்கு விரோதம். சிரில் அதற்காகப் புதன்கிழமை வேலையை மாற்றிக் கேட்டு வாங்கியிருந்தார். கிள்ளானிலிருந்து வந்தவர்களில் ஒருவர், அவர் வேலை பார்க்கும் விடுதியிலேயே சாப்பிட்டவர்.

"இந்தக் கோழிப் பிரட்டல எங்கயோ சாப்பிட்ட மாதிரி இருக்கே அண்ணே."

"இருக்கும் இருக்கும். இந்த வருஷம் எல்லாரும் கத்துக்கிறாங்க," என்றார் சிரில்.

பத்துப் புதன்கிழமைகளில் மொத்தம் நூற்றுப் பதினேழு விருந்தினர். சபாபதியும் டாக்டர் உமையாளும் டிரைவர் வேலாயுதமும் இதில் சேரமாட்டார்கள். அவர்கள் பத்து முறையும் சாப்பிட்டார்கள். வேலாயுதம் மட்டும் இரண்டாவது முறை சோறு வாங்குவார். வெண்டை பதினெட்டும் கத்தரி ஒன்பதும் ராப்பகலாகக் காய்த்தாலும் இதற்குப் போதாது. செவ்வாய்க்கிழமை அக்கா பறித்து வைப்பார், புதன்கிழமை இலாகா உண்ணும், வியாழன் முதல் திங்கள் வரை மாதிரிக் குடும்பம் ரொட்டியும் டின் சார்டினும் சாப்பிடும். டோரிஸ் கேன்டீனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் போக முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள்.

இந்த நேரத்தில் இறுதி ஆய்வு அறிவிக்கப்பட்டது. தலைமை இயக்குநரே நேரில் வருகிறார். நிபந்தனை ஒன்றே ஒன்று: குடும்பத்தின் மொத்த எடை தொடக்க நாளைவிடக் குறைந்திருக்கக் கூடாது. குறைந்திருந்தால் பயிர்கள் அகற்றப்படும். எந்த முடிவானாலும் தாமதம் ஏற்படக் கூடாது என்பதால், ஆய்வு நாளன்று காலையிலேயே மூன்று ஆட்களுடன் ஒரு லோரி சந்து முனையில் வந்து நின்றது. அந்த மூவரும் மிகவும் மரியாதையானவர்கள். மண்வெட்டிகளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள்.

இயக்குநர் வந்தார். அவரோடு ஒரு படக்காரர். பதின்மூன்று வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் வந்து பின்புறத்தில் நின்றோம். வேலாயுதம் மிஷினை வைத்தார்.

சிரில் அறுபத்தேழரை. ரோசலின் ஐம்பத்து மூன்றரை. டோரிஸ் நாற்பத்தேழு. மொத்தம் நூற்று அறுபத்தெட்டு. தொடக்க நாளில் நூற்று எழுபத்து நான்கு.

ஆறு கிலோ குறைவு.

சிரில் சாவிக் கொத்தைத் தேடி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி ஏறப்போனார். இயக்குநர் கையைக் காட்டித் தடுத்தார்.

"வருந்துகிறேன்," என்றார் இயக்குநர். "மாதிரிக் குடும்பமே இப்படி என்றால் என்ன செய்வது. சபாபதி, லோரியைக் கூப்பிடுங்கள்."

ரோசலின் அக்கா அசையாமல் நின்றார். அவருடைய வலது கை பாகல் பந்தலின் கம்பைப் பிடித்திருந்தது. லோரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவர் பேசினார்.

"சபாபதி தம்பி, அந்தப் பாரத்துல குடும்பம்னா யாருன்னு போட்டிருக்கு? கொஞ்சம் படிங்க."

பாரத்தைப் படிக்கச் சொன்னால் சபாபதியால் மறுக்க முடியாது. படித்தார்.

"குடும்பம் எனப்படுவது, ஒரே அடுப்பில் சமைத்த உணவை, வாரம் ஒரு முறைக்குக் குறையாமல், தொடர்ந்து எட்டு வாரங்களுக்கு மேல் உண்பவர் அனைவரையும் குறிக்கும். இரத்த உறவு அவசியமில்லை."

படித்து முடித்ததும் அவர் தலையைத் தூக்கவில்லை. அதே வரியை வாய்க்குள் இன்னொரு முறை படித்தார்.

"பத்து வாரம் ஆச்சு தம்பி," என்றார் அக்கா. "ஏறுங்க."

சபாபதி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் பாரத்தை வாங்கிப் பார்த்தார். அவருடைய கையெழுத்தே அதன் அடியில் இருந்தது.

"விதி அப்படித்தான் சொல்கிறது. ஏறுங்கள்."

சபாபதி சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார். எழுபத்தெட்டு. டாக்டர் உமையாள் சணல் பையைக் கீழே வைத்துவிட்டு ஏறினார். ஐம்பத்தொன்பது. வேலாயுதம் ஏறியபோது மிஷின் ஒரு சத்தம் கொடுத்தது. எண்பத்து மூன்று.

"இவர்களின் தொடக்க எடை?" என்று இயக்குநர் கேட்டார்.

சபாபதி பழைய பாரங்களைப் புரட்டினார். "பதிவு இல்லை துவான்."

"பதிவு இல்லையென்றால்?"

"பூஜ்யம் துவான்."

இயக்குநர் அந்த இடத்திலேயே கூட்டிப் பார்த்தார். தொடக்கத்தில் நூற்று எழுபத்து நான்கு. இன்று முந்நூற்று எண்பத்தெட்டு. இருநூற்றுப் பதினான்கு கிலோ உயர்வு. நூற்றுக்கு நூற்று இருபத்து மூன்று. இருபது வருட உத்தியோகத்தில் எந்தக் குடும்பமும் எட்டு மாதத்தில் இப்படி வளர்ந்து தாம் கண்டதில்லை என்றார். படக்காரர் படம் எடுத்தார். லைசென்ஸில் அங்கேயே கையெழுத்துப் போட்டு, ரோசலின் அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதை இரண்டாக மடித்து, டோரிஸிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, பிறகுதான் பந்தல் கம்பிலிருந்து கையை எடுத்தார்.

லோரி ஆட்கள் மூவரும் கை தட்டினார்கள். வந்தது வந்துவிட்டீர்கள், சாப்பிட்டுப் போங்கள் என்றார் சிரில். அன்று அவர் சமைத்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை; எழுதினால் நிறுத்த முடியாது. முருங்கைக்கீரைப் பொரியல் மட்டும் மூன்று முறை வந்தது. இயக்குநர் டையைத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். கணவன் மனைவி ஒத்துழைப்பு, சமத்துவம், வேலைப் பங்கீடு ஆகியவை குறித்து எல்லோரும் வாயில் சோற்றோடு நல்ல கருத்துகள் சொன்னார்கள். அய்யாவு கூட ஒரு கருத்து சொன்னார்.

சாப்பிட்டு முடிந்தது. ரோசலின் அக்கா சாமான் கழுவும் இடத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"விளைவிச்சது நானு. சமைச்சது அவரு. இப்ப எல்லாரும் ஒரே குடும்பம்னு ஆயிடுச்சு. தட்டு யாரு கழுவுறது?"

இயக்குநர் சபாபதியைப் பார்த்தார். சபாபதி மஞ்சள் பாரத்தையும் பச்சைப் பாரத்தையும் முன்னும் பின்னும் புரட்டினார்.

"அதுக்குக் கட்டம் இல்லக்கா."

"மிக முக்கியமான கேள்வி," என்றார் டாக்டர் உமையாள். "இதை யாருமே ஆராயலை. அடுத்த ஆண்டு இதுக்கு ஒரு குழு அமைக்கணும்." குறித்துக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார். சபாபதி எடை மிஷினைத் தாமே தூக்கிக்கொண்டு ஓடினார். வேலாயுதம் வண்டியை ஏற்கெனவே கிளப்பி வைத்திருந்தார். இயக்குநருக்கு இன்னொரு கூட்டம். படக்காரருக்குப் பிலிம் தீர்ந்துவிட்டது. லோரி ஆட்கள் தாங்கள் அகற்றும் பிரிவு என்றும், ஆனால் செடிகளை மட்டும் என்றும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் பதின்மூன்று வீட்டாருக்கும் அடுப்பில் பால், கொடியில் துணி, வாசலில் ஆள் என்று ஆளுக்கு ஓர் அவசரம் வந்தது. டோரிஸுக்கு நகச்சாயம் காயவில்லை. சிரிலுக்குத் திடீரென்று கத்தரிச் செடிகளுக்கு நீர் விட ஆசை வந்தது.

மொத்தம் இருபத்து நான்கு தட்டுகள். போகும் முன் இரண்டு முறை சரியாக எண்ணிப் பார்த்தேன். என்னுடையது இருபத்து நான்காவது. எண்ணிக்கையில் தவறு இல்லை என்று உறுதி செய்துகொண்டு நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.